'கார்டு போச்சு'ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி: லினக்ஸ்ல வைஃபை வரலன்னா எங்க பாக்கணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் வெட்டியிருக்கிறோம். கமாண்டுகளை எழுத்தெழுத்தாகப் படித்த இடங்களை அப்படியே வைத்திருக்கிறோம்.)

சதுரங்கப்பட்டினத்துல இருந்து பேசுறேன். பின்னாடி சத்தம் கேட்டா அது கடல்காத்து. மைக்க குறை சொல்லாதீங்க.

இன்னைக்கு டாபிக் ரொம்ப சின்னது மாதிரி தெரியும். லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணியாச்சு, டெஸ்க்டாப் அழகா வந்துடுச்சு, மூலையில வைஃபை ஐகான் மட்டும் இல்ல. இல்லன்னா ஐகான் இருக்கு, நெட்வொர்க் எதுவும் காட்டல. இதுக்கு என்ன பண்றது?

இதுக்கு ஒரு முழு எபிசோடான்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துட்டிருந்த வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11க்குப் போகலாம்னா டிபிஎம் 2.0 கேக்குது, இன்டெல்லா இருந்தா எட்டாம் தலைமுறைக்கு மேல கேக்குது. நம்ம ஊர்ல எத்தனை வீட்ல அதைவிடப் பழைய லேப்டாப் இருக்கு? 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல வந்த பெட்டிகளே இன்னும் பரண்ல, பீரோ மேல, தம்பி தங்கச்சி கையில இருக்கு. அதுல பலதுல விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தாங்க. நம்ம சென்னை சி-டாக்ல உருவான, டெபியனை அடிப்படையா வச்ச லினக்ஸ் அது. நம்மள்ல நிறைய பேர் அதைத் திறந்துகூடப் பாக்கல. அது வேற கதை.

இந்த மாதிரி ஒரு பெட்டிக்கு லினக்ஸ் போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். காலேஜ் போற ஒருத்தருக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டரா இருக்கும். ஆனா வைஃபை வரலன்னா அன்னைக்கே அதை மூடி வச்சிடுவாங்க. நெட் இல்லாத கம்ப்யூட்டர் இன்னைக்கு யாருக்கு வேணும்? அதனாலதான் இதை விரிவா பேசலாம்னு நினைச்சேன்.

கரண்ட் போனா என்ன பண்ணுவோம்?

வீட்ல கரண்ட் போனா நாம உடனே பல்பைக் கழட்டி மாத்த மாட்டோம். முதல்ல ஜன்னல் வழியா எதிர் வீட்ட பாப்போம். அங்கயும் இல்லன்னா ஈபி-ல கட். அங்க இருக்கு, இங்க இல்லன்னா மெயின் சுவிட்ச். அது சரின்னா ஃபியூஸ். அப்புறம்தான் சுவிட்ச், கடைசியாத்தான் பல்பு. இதை யாரும் நமக்குப் பாடமா எடுக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

நெட்வொர்க் கார்டும் அதே மாதிரிதான். கார்டுக்கும் உங்க பிரவுசருக்கும் நடுவுல சில படிகள் இருக்கு. எந்தப் படி வரைக்கும் கரண்ட் வருதுன்னு மட்டும் கண்டுபிடிச்சா போதும், பாதி வேலை முடிஞ்சுது. நாம பண்றது என்னன்னா, ஒரு வீடியோ பாத்து அதுல இருக்கிற பத்து கமாண்டை வரிசையா காப்பி பேஸ்ட் பண்றோம். அந்த வீடியோ வேற கார்டுக்குப் போட்டது. இருந்த பிரச்சினையோட புதுசா ரெண்டு சேர்ந்துடும்.

முதல்ல போனை எடுங்க

நெட் வேலை செய்யலன்னா நெட்ல தேடி சரி பண்ணணும், ஆனா நெட் இல்லையே? பூட்டின பெட்டிக்குள்ளயே சாவி இருக்கு. இதுக்கு ரொம்ப சிம்பிளான வழி உங்க பாக்கெட்ல இருக்கிற ஆண்ட்ராய்டு போன். சார்ஜ் பண்ற யூஎஸ்பி கேபிளை லேப்டாப்ல சொருகுங்க. போன்ல செட்டிங்ஸ் போய் ஹாட்ஸ்பாட் பக்கத்துல யூஎஸ்பி டெதரிங்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. கேபிள் டேட்டா கேபிளா இருக்கணும், சார்ஜுக்கு மட்டுமான மலிவு கேபிளா இருந்தா அந்த ஆப்ஷனே வராது.

லினக்ஸ் இதை ஒரு வயர்டு நெட்வொர்க்கா எடுத்துக்கும். தனியா டிரைவர் எதுவும் போட வேண்டாம், கெர்னல்லயே இருக்கு. இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது: போன் வீட்டு வைஃபைல இருந்தா, அந்த வைஃபை நெட்டே கேபிள் வழியா லேப்டாப்புக்குப் போகும். உங்க டேட்டா பேக் கரையாது. அதாவது போனே அந்த நேரத்துக்கு உங்க வைஃபை கார்டு.

இப்போ பதட்டம் இல்லாம பாக்கலாம்.

படி ஒண்ணு: யாராவது சுவிட்சை அமுக்கி வச்சிருக்காங்களா?

டெர்மினலைத் திறந்து, ஆர், எஃப், கே, ஐ, எல், எல் அப்படின்னு சேர்த்து அடிச்சு, ஒரு இடம் விட்டு, லிஸ்ட்னு அடிங்க. ஆர்எஃப்-கில். ரெண்டு விஷயம் சொல்லும்: சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு.

சாஃப்ட் பிளாக்டு 'எஸ்'னு வந்தா மென்பொருள் அளவுல அணைஞ்சிருக்கு. அதே கமாண்ட்ல லிஸ்டுக்குப் பதிலா அன்பிளாக் வைஃபைன்னு கொடுத்தா போதும். ஏரோபிளேன் மோடு தெரியாம ஆன் ஆகியிருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

ஹார்டு பிளாக்டு 'எஸ்'னு வந்தா நீங்க என்ன கமாண்ட் போட்டாலும் ஆகாது. லேப்டாப்ல எங்கயாவது ஒரு சுவிட்ச் இருக்கும். பழைய லேப்டாப்கள்ல முன்பக்க ஓரத்துல சின்னதா ஒரு ஸ்லைடர் இருக்கும், பையில இருந்து எடுக்கும்போதே தள்ளிடும். இல்லன்னா எஃப்என் பட்டனோட சேர்த்து ஏதாவது ஒரு எஃப் பட்டன். அதுவும் இல்லன்னா பயாஸ்ல போய் வயர்லெஸ் ஆன்ல இருக்கான்னு பாக்கணும்.

படி ரெண்டு: கார்டு இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுதா?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கமாண்ட் ஞாபகம் வச்சுக்கணும்னா இதுதான். எல், எஸ், பி, சி, ஐ. இடம் விட்டு, ஹைஃபன், என், என், கே. மதர்போர்டுல என்னென்ன சொருகியிருக்குன்னு ஒரு லிஸ்ட் வரும். அதுல நெட்வொர்க் கன்ட்ரோலர், இல்லன்னா ஈதர்நெட் கன்ட்ரோலர்னு இருக்கிற பாராவைத் தேடுங்க. யூஎஸ்பி டாங்கிளா இருந்தா கடைசியில பிசிஐக்குப் பதிலா யூஎஸ்பி, அதாவது எல்-எஸ்-யூ-எஸ்-பி.

அந்த வரியோட கடைசியில சதுர அடைப்புக்குறிக்குள்ள ரெண்டு நம்பர் இருக்கும், நடுவுல ஒரு கோலன். முதல் நம்பர் கம்பெனி, ரெண்டாவது சிப். உதாரணமா, 8086னு ஆரம்பிச்சா இன்டெல். அவங்களோட பழைய 8086 சிப் ஞாபகமா அந்த நம்பரையே வாங்கி வச்சிருக்காங்க. 10இசின்னு ஆரம்பிச்சா ரியல்டெக். 14இ4ன்னா பிராட்காம். 168சின்னா குவால்காம் ஏத்தெராஸ். 14சி3ன்னா மீடியாடெக்.

லேப்டாப் மேல என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்குங்கிறது இங்க முக்கியமே இல்ல. ஒரே மாடல் லேப்டாப்ல, ஒரு பேட்ச்ல ஒரு கம்பெனி வைஃபை கார்டு, அடுத்த பேட்ச்ல இன்னொரு கம்பெனி கார்டு இருக்கும். அதனால 'என் ஃபிரெண்டுக்கு இதே லேப்டாப், அவனுக்கு வேலை செஞ்சுது'ங்கிறது ஆதாரம் ஆகாது. நெட்ல தேடும்போது லேப்டாப் பேரைப் போட்டுத் தேடாதீங்க. அந்த ரெண்டு நம்பரைப் போட்டுத் தேடுங்க. சரியான பதில் அதுலதான் வரும்.

லிஸ்ட்லயே கார்டு இல்லன்னா? அப்பதான் அது வன்பொருள் பிரச்சினையா இருக்க வாய்ப்பு அதிகம். இங்க நம்ம கடற்கரைக்காரங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம்ம பக்கம் சைக்கிள் செயின்ல இருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் உப்புக்காத்து என்ன பண்ணும்னு தெரியும். டச்சுக்கோட்டைப் பக்கம் வீடு இருந்தா இரும்புக் கேட்டுக்கு வருஷம் ஒரு பெயின்ட். அதே காத்துதான் லேப்டாப்புக்குள்ளயும் போகுது. லேன் போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. பின் பச்சையா பூத்திருந்தா அங்க செம்பு அரிச்சிருக்கு. வைஃபை கார்டு உக்காந்திருக்கிற ஸ்லாட்லயும் கான்டாக்ட் மங்கிப்போகலாம்.

பவரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரைக் கழட்டி, கார்டை எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால மெதுவா துடைச்சுத் திரும்ப உக்கார வைங்க. நம்ம ஊர் கடைகள்ல பென்சில் ரப்பர் போட்டுத் தேய்ப்பாங்க. வேலை செய்யும், ஆனா தங்கமுலாமும் கொஞ்சம் கொஞ்சமா போகும், ரப்பர் தூளும் ஸ்லாட்ல போய் உக்காரும். ஆல்கஹால்தான் நல்லது.

படி மூணு: டிரைவர் யாரு?

கார்டு லிஸ்ட்ல இருக்கு. அதே பாராவுக்குக் கீழ 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்'னு ஒரு வரி இருக்கணும். இருந்தா, அந்தக் கார்டை ஒரு டிரைவர் கையில எடுத்திருக்கு. அந்த வரியே இல்லன்னா கார்டு அனாதையா நிக்குது.

விண்டோஸ்ல டிரைவர்னா கம்பெனி வெப்சைட்ல இருந்து ஒரு செட்அப் ஃபைல். லினக்ஸ்ல பெரும்பாலும் அப்படி இல்ல. டிரைவர் கெர்னலுக்குள்ளயே சேர்ந்து வரும். அதனால கேள்வி, 'டிரைவர் எங்க டவுன்லோட் பண்றது?'ங்கிறது இல்ல. 'என் கெர்னலுக்கு வயசு என்ன, என் கார்டுக்கு வயசு என்ன?'ங்கிறதுதான் கேள்வி.

இதுக்கு நல்ல உதாரணம் ரியல்டெக் 8821சிஇ. விலை குறைஞ்ச லேப்டாப்கள்ல நிறைய வந்த வைஃபை சிப். இதுக்கான டிரைவர் கெர்னல் 5.9ல, 2020 அக்டோபர்லதான் உள்ள வந்துச்சு. ஆனா 2020 ஏப்ரல்ல வந்த உபுண்டு 20.04ல இருந்தது கெர்னல் 5.4. அதனால அந்த வருஷம் அந்த லேப்டாப்ல அந்த உபுண்டுவைப் போட்டவங்களுக்கு வைஃபை வரல. கார்டும் நல்லா இருந்தது, உபுண்டுவும் நல்லா இருந்தது. ரெண்டுக்கும் நடுவுல ஆறு மாசம் இடைவெளி, அவ்வளவுதான். தனியா ஒரு டிகேஎம்எஸ் பேக்கேஜ் போட்டு சமாளிச்சாங்க. 2021 ஆகஸ்ட்ல 20.04.3 கெர்னல் 5.11ஓட வந்தப்போ அந்தத் தேவையே போச்சு.

இதுல பாடம் என்னன்னா, யூ, என், ஏ, எம், இ, இடம் விட்டு, ஹைஃபன் ஆர்னு அடிச்சு உங்க கெர்னல் நம்பரைப் பாருங்க. லேப்டாப் புதுசு, கெர்னல் பழசுன்னா, கிட்ஹப்ல எவனோ போட்ட டிரைவரைத் தேடுறதுக்கு முன்னாடி புது ஐஎஸ்ஓ ஒண்ணைப் பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாம லைவ்ல ஓட்டிப் பாருங்க. அதுல வைஃபை வந்துச்சுன்னா பதில் கிடைச்சாச்சு. பத்து நிமிஷ வேலை. ராத்திரி பூரா உக்காந்து கம்பைல் பண்றதை விட இது மேல்.

டிகேஎம்எஸ் வழிதான் கதின்னா ரெண்டு விஷயம் மனசுல வைங்க. ஒண்ணு, கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் அந்த டிரைவர் திரும்ப பில்ட் ஆகணும். அதுக்கு கெர்னல் ஹெடர்ஸ் இருக்கணும். 'நேத்து வரைக்கும் வந்துச்சு, அப்டேட் பண்ணேன், போச்சு'ங்கிறது பெரும்பாலும் இதுதான். ரெண்டாவது, செக்யூர் பூட். கையெழுத்து இல்லாத டிரைவரை அது உள்ள விடாது. லோட் பண்ணிப் பாத்தா 'கீ' அப்படின்னு ஏதோ சொல்லி மறுத்துடும். இன்ஸ்டால் ஆகும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, ரீஸ்டார்ட்ல நீலத் திரை ஒண்ணு வரும். பல பேர் பயந்துபோய் அதுல கன்டினியூ கொடுத்துடுறாங்க. அங்க என்ரோல் எம்ஓகேன்னு கொடுத்து, அதே பாஸ்வேர்டைப் போடணும். அவ்வளவுதான்.

படி நாலு: ஃபர்ம்வேர்

இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. டிரைவர் இருக்கு, கார்டை எடுத்துடுச்சு, ஆனாலும் வைஃபை இல்ல. ஏன்னா இன்னைக்கு வைஃபை கார்டுங்கிறதே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதுக்குள்ள ஓடுறதுக்கு ஒரு புரோகிராம் வேணும். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் டிரைவர் அந்த ஃபைலை ஹார்டு டிஸ்க்ல இருந்து எடுத்து கார்டுக்கு ஊட்டும். அதுதான் ஃபர்ம்வேர். சமையல்காரர் வந்துட்டார், அடுப்பு இருக்கு, அரிசி மட்டும் வரல, அந்த நிலைமை.

இதைப் பாக்க டி, எம், இ, எஸ், ஜி. முன்னாடி சூடோ போட்டுக்கோங்க. நிறைய வரி ஓடும். அதுல ஃபர்ம்வேர்ங்கிற வார்த்தையைத் தேடுங்க. லோடு ஃபெயில்ட், எரர் மைனஸ் 2ன்னு வந்தா, அர்த்தம் ரொம்ப நேரடியானது: ஃபைல் இல்ல. எந்த ஃபைல்னு பேரும் அதே வரியில இருக்கும்.

போன மாசம் நம்ம ஊர்ல ஒரு தங்கச்சி, பி.எஸ்.சி. முதல் வருஷம், அவங்க அண்ணனோட பழைய லேப்டாப்பை எடுத்துட்டு வந்தா. லினக்ஸ் போட்டிருக்காங்க, வைஃபை வரல. கடைக்குக் கொண்டு போயிருக்காங்க. ரெண்டு நிமிஷம் பாத்துட்டு 'வைஃபை கார்டு போச்சும்மா, போர்டுலயும் பிரச்சினை இருக்கலாம், இதுக்கு செலவு பண்றதுக்கு பதிலா எங்ககிட்டயே கொடுத்துடு'ன்னு ஒரு தொகை சொல்லியிருக்காங்க. ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி அந்த வாரம். போன்ல அந்த ஃபார்ம் சரியா ஓப்பன் ஆகல. வீட்ல விக்கிறதுன்னே முடிவு பண்ணிட்டாங்க.

எந்தக் கடை, எந்த லேப்டாப்புங்கிறது வேண்டாம். கார்டு லிஸ்ட்ல இருந்துச்சு. டிரைவர் இருந்துச்சு. டி-மெசேஜ்ல ஃபர்ம்வேர், எரர் மைனஸ் 2. அவங்க அண்ணன் காலேஜ்ல யாரோ கொடுத்த பழைய ஐஎஸ்ஓல ஃபர்ம்வேர் ஃபைல்களே இல்ல. போனை யூஎஸ்பில மாட்டி, ஃபர்ம்வேர் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணி, ரீஸ்டார்ட். நெட்வொர்க் லிஸ்ட் வந்துடுச்சு. 'அண்ணா, அப்போ போர்டு?'ன்னு கேட்டா. போர்டுக்கு ஒண்ணும் இல்லம்மா. அன்னைக்கு ராத்திரியே ஃபார்மை அனுப்பிட்டா.

கடைக்காரர் ஏமாத்தினாருன்னு நான் சொல்ல வரல. அவர் விண்டோஸ் பாத்துப் பழகினவர். லினக்ஸ்ல ஐகான் இல்லன்னா அவருக்கு அது செத்த கார்டு. ஆனா அந்த ஒரு வாக்கியத்தோட விலை ஒரு பொண்ணோட கம்ப்யூட்டர்.

அந்த ஃபைல் ஏன் ஐஎஸ்ஓல இல்லாம இருந்திருக்கும்? ஃபர்ம்வேர் பெரும்பாலும் கம்பெனியோட மூடிய மென்பொருள். சோர்ஸ் கிடையாது. டெபியன் மாதிரி கொள்கை உள்ள திட்டங்கள் அதை அதிகாரபூர்வ இன்ஸ்டாலர்ல சேர்க்காம ரொம்ப காலம் தனியா வச்சிருந்தாங்க. 2022ல உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு மாத்தினாங்க. 2023 ஜூன்ல வந்த டெபியன் 12ல இருந்து இன்ஸ்டாலரோடயே ஃபர்ம்வேரும் வருது. அதனால டெபியன் குடும்பத்துப் பழைய ஐஎஸ்ஓ உங்க பென்டிரைவ்ல இருந்தா, முதல் வேலையா புதுசை இறக்குங்க.

கொள்கை தப்பா சரியான்னு சண்டை போடலாம், இன்னொரு எபிசோட்ல போடுவோம். அந்தக் கொள்கை இருந்ததாலதான் கம்பெனிகள் மேல அழுத்தமும் இருந்தது, அதையும் மறக்கக்கூடாது.

படி அஞ்சு: கார்டு ரெடி, நெட் இல்ல

ஐ, பி, இடம், லிங்க். இதை அடிச்சா இன்டர்ஃபேஸ் பேர் வரும். பழைய ஆளுங்க டபிள்யூலேன்0, ஈத்0ன்னு எதிர்பாப்பாங்க. இப்போ டபிள்யூஎல்பி2எஸ்0 மாதிரி வரும். பயப்படாதீங்க, டபிள்யூஎல்னா வயர்லெஸ், பி2ன்னா பிசிஐ பஸ் ரெண்டு, எஸ்0ன்னா ஸ்லாட் பூஜ்ஜியம். அட்ரஸ் மாதிரிதான்.

வயர்டு லேன்ல 'நோ கேரியர்'னு வந்தா, கார்டு உயிரோட இருக்கு, கேபிள்ல எதிர்முனை இல்லன்னு அர்த்தம். கேபிளையும் ரவுட்டரையும் பாருங்க, லினக்ஸை நோண்டாதீங்க.

அப்புறம் பிங். 1.1.1.1க்கு பிங் போகுது, ஆனா வெப்சைட் பேர் போட்டா போகலன்னா, நெட் இருக்கு, டிஎன்எஸ்தான் இல்ல. 1.1.1.1க்கே போகலன்னா ரவுட்டருக்குப் போகுதான்னு பாருங்க. ஹாஸ்டல், காலேஜ் வைஃபைன்னா பிரவுசர்ல லாகின் பக்கம் திறக்கணுமோன்னு பாருங்க. இந்த இடத்துல கார்டு மேல எந்தக் குத்தமும் இல்ல.

வழக்கத்துக்கு மாறான நாலு கேஸ்

ஒண்ணு: விண்டோஸும் லினக்ஸும் ஒரே பெட்டியில. விண்டோஸ்ல இருக்கிற வரைக்கும் நெட் வருது, லினக்ஸுக்கு வந்தா கார்டே மக்கர் பண்ணுது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு விண்டோஸ்ல இருக்கு. ஷட் டவுன் கொடுத்தாலும் முழுசா அணையாம, கார்டைப் பாதித் தூக்கத்துல விட்டுட்டுப் போகலாம். அதை ஆஃப் பண்ணுங்க. ஒரு தடவை முழுசா ஷட் டவுன் பண்ணி, சார்ஜரையும் பிடுங்கிட்டு ஆன் பண்ணிப் பாருங்க.

ரெண்டு: ரவுட்டர் பக்கத்துல உக்காந்தா சிக்னல், அடுத்த ரூம் போனா காணோம். ரியல்டெக் 8723பிஇ சிப்ல இது பிரபலமான கேஸ். சில லேப்டாப்கள்ல ஒரே ஒரு ஆன்டெனா ஒயர்தான் மாட்டியிருப்பாங்க. டிரைவர் இன்னொரு முனையில காது வச்சுக் கேட்டுட்டிருக்கும். இதுக்காகவே அந்த டிரைவர்ல ஏஎன்டி-எஸ்இஎல்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. 1 இல்லன்னா 2 கொடுத்துப் பாத்தா எதுல சிக்னல் ஏறுதோ அதுதான் சரி. கார்டு மாத்தாம, ஒரு வரியில தீர்ற பிரச்சினை.

மூணு: புதுசா வாங்கின யூஎஸ்பி டாங்கிள் சொருகினா வைஃபை வராம ஒரு சிடி டிரைவ் வருது. அதுக்குள்ள விண்டோஸ் டிரைவர் இருக்கும். டாங்கிள் ரெண்டு வேஷம் போடுது. ஃபைல் மேனேஜர்ல அந்தச் சிடியை இஜெக்ட் பண்ணுங்க. பல டாங்கிள்கள் உடனே வேஷம் கலைஞ்சு வைஃபை கார்டா மாறும். மாறலன்னா யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்னு ஒரு கருவி இருக்கு.

நாலு: கொஞ்ச நேரம் நல்லா ஓடும், அப்புறம் கனெக்‌ஷன் அறுந்துடும். பவர் சேவிங்கை ஆஃப் பண்ணிப் பாருங்க. பேட்டரி கொஞ்சம் குறையும், ஆன்லைன் தேர்வு நடுவுல அறுந்துபோறதுக்கு அது பரவாயில்ல.

கார்டு வாங்கித்தான் ஆகணும்னா

எல்லாம் பாத்தாச்சு, உண்மையிலேயே கார்டு செத்துடுச்சு. ரிச்சி ஸ்ட்ரீட் போறதுக்கு முன்னாடி மூணு விஷயம்.

உங்க லேப்டாப்ல என்ன ஸ்லாட்னு திறந்து பாருங்க. பழசுன்னா மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், புதுசுன்னா எம்.2. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது.

எம்.2லயும் ஒரு பொறி இருக்கு. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 எல்லாம் சாதாரண பிசிஐ கார்டு, ஏஎம்டி லேப்டாப்லயும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பாக்க அதே மாதிரி இருக்கும், ஆனா பாதி வேலை இன்டெல் பிராசசருக்குள்ள நடக்கும். பொருந்தாத லேப்டாப்ல போட்டா லிஸ்ட்லயே வராது. கடைசி ஒரு நம்பர்ல உங்க காசு போயிடும்.

மூணாவது, சில பழைய லேப்டாப்கள்ல கம்பெனி அனுமதிச்ச கார்டைத் தவிர வேற கார்டை பயாஸ் ஏத்துக்காது, ஆன் ஆகும்போதே நின்னுடும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க மாடலுக்கு இந்தத் தடை இருக்கான்னு தேடிப் பாத்துடுங்க.

இந்த டிரைவரை எல்லாம் எழுதுறது யாரு?

கடைசியா இதைச் சொல்லிட்டு முடிச்சிடுறேன். பிராட்காம் சிப்புக்கு ஒரு காலத்துல லினக்ஸ் டிரைவரே கிடையாது. கம்பெனி தகவலும் தரல. ஆர்வலர்கள் ரெண்டு குழுவா பிரிஞ்சாங்க. ஒரு குழு இருக்கிற டிரைவரைப் பிரிச்சுப் பாத்து சிப் எப்படி வேலை செய்யுதுன்னு எழுதி வச்சாங்க. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் படிச்சு புதுசா டிரைவர் எழுதினாங்க. காப்பி அடிச்சாங்கன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு அந்தப் பிரிவு. 2006ல அது கெர்னலுக்குள்ள வந்துச்சு. நாலு வருஷம் கழிச்சு, 2010 செப்டம்பர்ல பிராட்காமே தன்னோட புதிய சிப்களுக்குத் திறமூல டிரைவர் வெளியிட்டது. அதுக்கு முன்னாடி 2008லயே ஏத்தெராஸ் ஏத்9கே டிரைவரை வெளியிட்டுடுச்சு. அந்தக் காலத்து ஏத்9கே பிசிஐ கார்டுகளுக்கு இன்னைக்கும் தனி ஃபர்ம்வேர் ஃபைல் தேவையில்ல. பழைய லேப்டாப் வச்சிருக்கிறவங்க அதைத் தேடி வாங்குறதுக்கு அதுதான் காரணம்.

அந்த ஏத் குடும்ப டிரைவர்களோட கெர்னல் கமிட் வரலாறைத் திறந்து பாருங்க. வரிசையா தமிழ்ப் பேர் வரும். நம்ம காலேஜ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மாதிரி இருக்கும். ஏத்தெராஸை வாங்கின குவால்காம் 2024 மார்ச்ல சென்னையில புது டிசைன் சென்டர் திறந்தப்போ வைஃபை வேலைக்குத்தான் முக்கியத்துவம்னு சொன்னாங்க. உலகத்துல எங்கயோ ஒருத்தரோட லேப்டாப்ல வைஃபை வருதுன்னா, அதுல ஓஎம்ஆர் டிராஃபிக்ல மாட்டி ஆபீஸ் போன ஒருத்தரோட வேலையும் இருக்கலாம். அதனால 'லினக்ஸ் நமக்கு இல்ல, அது வெளிநாட்டுக்காரன் விஷயம்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி இல்லன்னா மடிக்கணினின்னு அறிவிச்சாங்க. புதுப் பெட்டி வரட்டும், சந்தோஷம். ஆனா ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நாள் வயசாகும். அன்னைக்கு அது பரணுக்குப் போகுமா, தங்கச்சி கைக்குப் போகுமாங்கிறதை முடிவு பண்றது இந்த மாதிரி சின்ன விஷயங்கள்தான். அரசு கொள்முதல்ல 'வைஃபை சிப்புக்கு லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே டிரைவர் இருக்கணும்'னு ஒரு வரி இருந்தா, பத்து வருஷம் கழிச்சு எத்தனையோ பேருக்கு இந்த எபிசோடே தேவைப்படாது.

உதவி கேக்கும்போது 'ப்ரோ வைஃபை ஒர்க் ஆகல'ன்னு மட்டும் அனுப்பாதீங்க. லேப்டாப் மாடல், எந்த லினக்ஸ், கெர்னல் நம்பர், அந்த எல்-எஸ்-பி-சி-ஐ பாரா, டி-மெசேஜ்ல ஃபர்ம்வேர் வரி. இந்த அஞ்சும் சேர்த்து அனுப்புங்க, போன்ல போட்டோ எடுத்து அனுப்பினாக்கூட ஓகே. அஞ்சும் இருந்தா பதில் சொல்றவருக்கு அஞ்சு நிமிஷம். தமிழ்லயே கேக்கலாம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுல தமிழ்லயே பேசுறாங்க. 2019ல செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகுற வரைக்கும் நாமளும் காஞ்சிபுரம் மாவட்டம்தானே, உரிமையோட கேளுங்க. தமிழ்ல படிக்கணும்னா கணியம் இதழ் 2012ல இருந்து இருக்கு.

உங்க வீட்டுப் பரண்ல ஒரு லேப்டாப் தூங்கிட்டிருந்தா இந்த ஞாயிறு இறக்குங்க. அந்த ரெண்டு நம்பரைக் குறிச்சு எங்களுக்கு அனுப்புங்க. எந்தக் கார்டு நிறைய வருதோ, அதை மட்டும் எடுத்து அடுத்த எபிசோட்ல பேசுவோம். அதுவரைக்கும், பல்பைக் கழட்டாதீங்க, முதல்ல ஃபியூஸைப் பாருங்க.